சங்கத்தின் சிறந்த தொண்டர் விருது: யாருக்கு, எதற்கு, எப்படி?

ஹட்டன்_கணிதம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வருகிற வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் 'சிறந்த தொண்டர்' விருது கொடுப்பதென்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. அதற்கு விதிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவதைவிட இங்கே கேட்டுவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கும் மலையக ஆசிரியர்களின் சங்கம் இது. சந்தா கட்டுகிறவர்கள் நிறையப் பேர். வேலை செய்கிறவர்கள் அதில் ஒரு பங்குதான். சாதாரண தரப் பரீட்சைக்கு முன் மாதிரி வினாத்தாள் தயாரிப்பது, சனிக்கிழமைகளில் மஸ்கெலியா, பொகவந்தலாவை, பூண்டுலோயாப் பக்கத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய்க் கருத்தரங்கு நடத்துவது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் அந்தப் பங்கின் தலையில்தான். யாருக்கும் ஒரு சதம் கொடுப்பதில்லை.

முன்பு ஒரு தடவை பொன்னாடை போர்த்தினோம். மேடையில் இருந்தவர்களே மேடையில் இருந்தவர்களுக்குப் போர்த்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. இந்த முறை அப்படி ஆகக்கூடாது.

செயற்குழுவில் இருப்பவர்களுக்கு விருது கொடுக்கலாமா? மொத்தம் ஒன்றா, மாவட்டத்துக்கு ஒன்றா? காசும் சேர்த்துக் கொடுப்பதா? சொல்லுங்கள்.

பதுளை_டீச்சர்

முதல் கேள்விக்கு என் பதில்: கூடாது. பதவியில் இருக்கும் காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம். தலைவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் உழைப்பு எல்லாருக்கும் தெரியும், பெயர் கடிதத் தலைப்பிலேயே இருக்கிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் வேலை செய்கிறவர்களின் பெயர் ஹட்டனில் யாருக்காவது தெரியுமா?

லயத்துக்_கணக்கு

விருதெல்லாம் இருக்கட்டும் சேர், பஸ் காசைக் கொடுங்கள்.

பகிடிக்குச் சொல்லவில்லை. டவுன் வரைக்கும் பஸ் போகும். அங்கிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷன் பாடசாலைக்கு த்ரீவீல்தான். பாதை இருக்கும் லட்சணத்துக்கு அவன் கேட்பதுதான் விலை. போகவர அதைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் போட்டோகொப்பியும் நம் காசிலேயே எடுத்துக்கொண்டு போகிறோம். 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், கியூஆர் கோட்டாவில் வாரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் கிடைத்த நாட்களிலும் சில பேர் போனார்கள். அப்போது சங்கம் அனுப்பியது வட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு. கேடயம் செய்யக் கொடுக்கும் காசில் ஒரு பாடசாலைக்கு ஒரு தவணை முழுக்கப் போய் வரலாம்.

பொருளாளர்_பழைய

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு. செலவைத் திருப்பிக் கொடுப்பது சங்கத்தின் கடன். விருது கொடுப்பது மரியாதை. கடனை அடைக்காமல் மரியாதை செய்யப் போனால்தான் நமக்குக் கோபம் வருகிறது. நான் கணக்குப் பார்த்த காலத்தில் பயணச் செலவுக்கென்று ஒரு தலைப்பே வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கவில்லை. கேட்டால், 'தொண்டுக்கு வந்தவர்கள் காசு கேட்பார்களா' என்பார்கள். காசு இல்லாதவன் தொண்டு செய்யக்கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஆகவே முதலில் பயணச் செலவு, அப்புறம் விருது. விருதோடு காசு வைக்காதீர்கள். 5,000 ரூபா வைத்தால், 'அவருடைய ஒரு வருட உழைப்புக்கு இவ்வளவுதானா' என்று ஒரு கதை வரும். வைக்காவிட்டால் அந்தக் கதை வராது.

பேராதனை_பழையமாணவி

நான் உளவியல் படித்தவள், இப்போது வழிகாட்டல் ஆசிரியை. இந்த விஷயத்தில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கொஞ்சம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியிடம், 'வரைந்தால் ரிபன் கட்டிய சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. 'இதைச் செய், இது கிடைக்கும்' என்று விருதைத் தொங்கவிட்டால் ஆசையே கெட்டுப்போகலாம் என்பதுதான் விஷயம்.

இரண்டாவது ஆய்வு, நம் பாடசாலைகளுக்கு இன்னும் நெருக்கமானது. கலிபோர்னியாவில் 15,000 க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்து 2021 இல் வெளியானது. ஒரு மாதம் ஒருநாள்கூடத் தவறாமல் வந்த பிள்ளைகளுக்கு, முன்னறிவிப்பில்லாமல் வரவு விருது அனுப்பினார்கள். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகளின் வரவு குறைந்தது! 'எல்லாரையும்விட நான் அதிகமாக வந்துவிட்டேன் போல, இவ்வளவு வரத் தேவையில்லை' என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எதிர்பாராத விருதும் எல்லா இடத்திலும் நன்மை செய்வதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. யானா கலுஸ் என்ற ஆய்வாளர் ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் செய்தார், 2017 இல் வெளியானது. அங்கேயும் சம்பளமில்லாத தொண்டர்கள்தான், பலர் புதிதாக வந்து கொஞ்சம் எழுதிவிட்டுக் காணாமல் போகிறவர்கள். அப்படிப் புதிதாக வந்தவர்களில் சிலருக்குக் காசில்லாத, வெறும் அடையாள விருதைக் கொடுத்தார்கள். அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதியவர்களின் வீதம் விருது பெற்றவர்களிடம் 20 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த வேறுபாடு ஒரு வருடம்வரை தெரிந்தது.

நம் சங்கத்தில் விருது என்றாலே இருபது வருடம் உழைத்தவரைத் தேடுகிறோம். அவர் விருது கொடுத்தாலும் வருவார், கொடுக்காவிட்டாலும் வருவார். போன வருடம் முதன்முதலாகக் கருத்தரங்குக்கு வந்து, இந்த வருடமும் வருவாரா என்று தெரியாத அந்தப் பிள்ளைக்குத்தான் யாராவது ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

கொத்மலைக்காரன்

டீச்சர், அமெரிக்கப் பாலர் பாடசாலைப் பிள்ளைகளை வைத்து நாம் முடிவெடுப்பதா? நம் ஊரில் ஒருவருக்குச் சபையில் மரியாதை செய்தால் அது அவர் குடும்பத்துக்கே மரியாதை. பொன்னாடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, ஆசிரியரானவருக்கு அவருடைய அம்மா முன்னால் மேடையில் ஒரு மரியாதை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

பேராதனை_பழையமாணவி

அதை நான் மறுக்கவே இல்லை சேர். அம்மாவையும் கூப்பிடுங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள். பிரதம அதிதிக்காக ஒதுக்கும் நாற்காலியில் என்றால் இன்னும் நல்லது. நான் சொல்வது, விருதை முன்கூட்டியே போட்டியாக்காதீர்கள், புள்ளி கொடுக்காதீர்கள், 'அதிகக் கருத்தரங்கு செய்தவர்' என்று எண்ணிக்கை பார்க்காதீர்கள் என்பதுதான். எண்ணிக்கை பார்த்தால் ஆட்கள் எண்ணிக்கைக்காக ஓடுவார்கள்.

ராகலை_மிஸ்

இதுவரை எழுதிய எல்லாரும் கருத்தரங்குக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். போகாதவர்களைப் பற்றி நான் பேசுகிறேன்.

கேத்திரகணித வினாவுக்கு ஒரு வட்டம், அதற்குள் ஒரு நாற்பக்கல், ஒரு தொடலி, கோணங்களுக்குப் பெயர். கையால் வரைந்து போட்டோ எடுத்து ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்புவார். அதைக் கணினியில் சரியாக வரைந்து, எழுத்து இடம் மாறாமல் வைக்கவேண்டும். இன்னொருவர் வினாவைப் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்புவார். அதை யுனிகோடுக்கு மாற்றினால் பின்னமும் வர்க்கமூலமும் எங்கேயோ போய்விடும். மூன்றாமவர் சிங்கள வினாத்தாளைப் பார்த்து மொழிபெயர்த்திருப்பார், கலைச்சொல் பாடப்புத்தகத்தோடு ஒத்துவராது. எல்லாம் சரிசெய்து, புள்ளித்திட்டத்தோடு ஒத்துப்பார்த்து, இரவு பதினொரு மணிக்கு அனுப்பினால், அடுத்த நாள் மேடையில் அந்த வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொருவர் போட்டோவுக்கு நிற்பார்.

இந்த வேலையைச் செய்கிறவர்களில் அனேகமானவர்கள் பெண்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை காலையில் ராகலையிலிருந்து கிளம்பி பொகவந்தலாவைக்குப் போய், கருத்தரங்கு முடிந்து, பின்னேரப் பனியில் பஸ் மாறி மாறி வீடு வர எத்தனை மணியாகும்? கைக்குழந்தை இருக்கிறவள் எப்படிப் போவாள்? அவள் வீட்டிலிருந்து செய்யக்கூடியதைச் செய்கிறாள். விருதுக் குழு மேடையில் தெரிகிற முகத்தைத் தேடினால் இவர்கள் ஒருபோதும் அகப்படமாட்டார்கள். நான் எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு விருது தந்தால் இன்னும் நாலு பேர் படம் வரைந்து தரச்சொல்லிக் கேட்பார்கள், எனக்கு வேண்டாம்.

ஹட்டன்_கணிதம்

மிஸ், கடைசி வரியைப் படித்துச் சிரித்தேன். ஆனால் விஷயம் சரி. வினாத்தாள்களில் 'தயாரிப்பு: சங்கம்' என்று மட்டும் போடும் பழக்கத்தை முதலில் நிறுத்தவேண்டும். வினா எழுதியவர், மொழி பார்த்தவர், படம் வரைந்தவர், தட்டச்சு செய்தவர் என்று கடைசிப் பக்கத்தில் நாலு பெயர் சின்ன எழுத்தில் போட எவ்வளவு இடம் போகும்? இதற்குப் பொதுக்கூட்டம்கூடத் தேவையில்லை, அடுத்த வினாத்தாளிலிருந்து செய்கிறோம்.

பண்டாரவளை_பொறியியல்

நான் ஆசிரியர் இல்லை, உங்கள் மாணவன். ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE) என்ற உலகளாவிய மின்பொறியியல் அமைப்பில் உறுப்பினராக இருக்கிறேன். அங்கேயும் கூட்டம் நடத்துவது, மாணவர் கிளைகளைப் பார்ப்பது எல்லாம் தொண்டர்கள்தான். நாங்கள் இருக்கும் ஆசிய பசிபிக் பிராந்தியத்தில் சிறந்த தொண்டருக்கென்று தனி விருதே உண்டு. அந்த அமைப்பின் பெரிய பதக்கங்களில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம்: விருதோடு இன்ன வேலைக்காக என்று ஒரு வரி இருக்கும். ஒரே வரிதான், ஆனால் அதில் 'அளப்பரிய சேவை' என்று எழுதி ஒப்பேற்ற முடியாது. என்ன செய்தார் என்பது அதில் இருக்கவேண்டும்.

நம் ஊர்ச் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். 'கல்விப் பணிக்கு ஆற்றிய அளப்பரிய சேவையைப் பாராட்டி' என்று எல்லாருக்கும் ஒரே வாசகம், பெயரை மட்டும் மாற்றுகிறார்கள்.

லயத்துக்_கணக்கு

'மேல் டிவிஷன் பாடசாலையில் இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் பத்தாம் தர மாணவர்களுக்கு அட்சரகணிதம் சொல்லிக்கொடுத்ததற்காக' என்று ஒரு கடதாசியில் எழுதி அதிபர் கையொப்பம் வைத்துக் கொடுத்தால் நானே வாங்கிக்கொள்வேன். கேடயம் வேண்டாம்.

தலவாக்கலை_விஞ்ஞானம்

அந்தக் கடதாசியின் ஒரு பிரதி வலயக் கல்விப் பணிமனைக்குப் போகவேண்டும் என்பது என் கோரிக்கை. நம் தனிப்பட்ட கோவையில் லீவுக் கடிதமும் விளக்கம் கோரிய கடிதமும்தான் சேர்ந்துகொண்டே போகும். நல்லது சொல்லி ஒரு கடிதமாவது இருக்கட்டுமே. இடமாற்றமோ நேர்முகத் தேர்வோ வரும்போது கோவையைத் திறப்பவர் அதையும் பார்ப்பார்.

கொத்மலைக்காரன்

அப்படியானால் கடிதத்துக்காகவே ஆட்கள் வருவார்கள். டீச்சர் சொன்ன ரிபன் கட்டிய சான்றிதழ் கதைதான்.

தலவாக்கலை_விஞ்ஞானம்

வரட்டுமே சேர். கடிதத்துக்காக வந்தாலும் பிள்ளைக்குக் கணக்குத் தெரியவரும்.

பேராதனை_பழையமாணவி

இந்த இடத்தில் நான் கொத்மலை சேர் பக்கம். ஆனால் ஒரு வழி இருக்கிறது: கடிதத்தை விருதோடு கட்டாதீர்கள். வேலை செய்த ஒவ்வொருவருக்கும், என்ன செய்தார் என்ற விபரத்தோடு, கேட்காமலே கடிதம் போகட்டும். அது பதிவு, பரிசு இல்லை. அதில் போட்டியும் இல்லை.

அப்கொட்_தம்பி

2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. அறை வாடகைக்கே அது போதாது. அந்த நாளில் சங்கக் கருத்தரங்குகளில் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் நாங்கள்தான். யாரும் எங்களை உறுப்பினராக்கக்கூட இல்லை, நிரந்தர நியமனம் இல்லையே என்றார்கள். எனக்கு அந்தக் கதையைத் திரும்பக் கிளற விருப்பமில்லை. விதிமுறை எழுதும்போது 'முழு உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று ஒரு வரி வந்துவிடாமல் பாருங்கள், அவ்வளவுதான்.

பதுளை_டீச்சர்

தம்பி சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

இன்னொரு விஷயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. மண்சரிவில் வீடும் புத்தகமும் போன பிள்ளைகளுக்குக் குறிப்பேடு எழுதிக்கொடுத்தவர்கள், முகாமாக மாறிய பாடசாலையில் மூலையில் பத்துப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தியவர்கள், பஸ் ஓடாத பாதையில் வினாத்தாள் கட்டைத் தோளில் சுமந்தவர்கள் என்று எத்தனை பேர். அதில் ஒருவரைப் பொறுக்கி 'நீதான் சிறந்தவர்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிப்பட்ட வேலைக்குக் குழுவாகக் கொடுங்கள். எல்லார் பெயரையும் சபையில் வாசியுங்கள். பத்து நிமிடம் கூடப் போனால் பிரதம அதிதியின் உரையில் பத்து நிமிடத்தைக் குறையுங்கள்.

பொருளாளர்_பழைய

பிரதம அதிதி என்றதும் ஞாபகம் வந்தது: அரசியல்வாதி வேண்டாம். யார் கையால் கொடுப்பது என்று கேட்டால், அந்த ஆசிரியரிடம் படித்து இப்போது உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவிலோ பல்கலைக்கழகத்திலோ இருக்கும் ஒரு பிள்ளையின் கையால் கொடுக்கலாம். நம் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை எத்தனை குறைவு என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளையைவிடப் பெரிய அதிதி நமக்கு யார்?

ஹட்டன்_கணிதம்

சரி, வந்த யோசனைகளை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். அடிக்க விரும்புகிறவர்கள் இப்போதே அடியுங்கள்.

நடப்புச் செயற்குழுவிலும் விருதுக் குழுவிலும் இருப்பவர்கள் தகுதியில்லை. ஒருவர் தன் பெயரைத் தானே அனுப்ப முடியாது. அந்த வேலையால் பயன்பெற்ற அதிபர், சக ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் யாரும் அனுப்பலாம். படிவத்தில் மூன்றே கேள்வி: என்ன செய்தார், எங்கே எப்போது செய்தார், அவர் செய்யாவிட்டால் என்ன நடந்திருக்கும். மூன்றாவது கேள்வியை ராகலை மிஸ்ஸை மனதில் வைத்துத்தான் எழுதினேன். மேடைக்காரர் வராவிட்டால் இன்னொருவர் பேசுவார், படம் வரைகிறவர் வராவிட்டால் வினாத்தாளே இல்லை.

மாவட்டத்துக்கு ஒன்று என்று பங்கு பிரிக்கவில்லை. ஆனால் விருதுக் குழுவில் ஒரே மாவட்டத்தவர் இரண்டு பேருக்கு மேல் இருக்கமுடியாது. முதல் வருடத் தொண்டர்களுக்குத் தனியாக ஒரு பாராட்டு உண்டு, அதை முன்கூட்டி விளம்பரப்படுத்தமாட்டோம் (இங்கே எழுதிவிட்டேன் என்பது வேறு கதை). குழுவாகவும் கொடுக்கலாம். தகுதியானவர் இல்லையென்றால் அந்த வருடம் கொடுக்காமல் விடலாம். ஒவ்வொரு விருதிலும், என்ன வேலைக்காக என்பது ஒரு வரியில் இருக்கும். 'அளப்பரிய' என்ற சொல்லுக்குத் தடை.

திகதியைப் பற்றி ஒருவர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்தில் பாடசாலைகளில் நிகழ்ச்சி இருக்கும், யாரும் வரமுடியாது. ஐ.நா. 1985 இல் அறிவித்த சர்வதேச தொண்டர் தினம் டிசம்பர் 5. பெயர் பொருத்தம்தான், ஆனால் அந்த நேரத்து மழையில் பதுளையிலிருந்து ஹட்டனுக்கு வரச்சொல்ல எனக்கு மனமில்லை. பொதுக்கூட்ட நாளிலேயே வைப்போம்.

லயத்துக்_கணக்கு

பஸ் காசு?

பொருளாளர்_பழைய

இப்போதைய பொருளாளரிடம் பேசினேன். பயணச் செலவு தனித் தலைப்பாக வரவுசெலவுத் திட்டத்தில் வருகிறது, பொதுக்கூட்டம் அங்கீகரிக்கவேண்டும். பஸ்ஸுக்கு டிக்கட். த்ரீவீலுக்கு ரசீது கேட்டால் அவன் சிரிப்பான், ஆகவே போன பாடசாலையின் அதிபர் தூரத்தையும் தொகையையும் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். போட்டோகொப்பிக்குக் கடை ரசீது கட்டாயம், அதில் மட்டும் தகராறு வேண்டாம்.

அப்கொட்_தம்பி

வரைவில் உறுப்புரிமை பற்றி ஒன்றும் இல்லையே. சந்தா கட்டாதவரின் பெயரை அனுப்பலாமா, முடியாதா?

ஹட்டன்_கணிதம்

அனுப்பலாம் என்றுதான் எழுத விரும்புகிறேன். ஆனால் சங்கத்தின் யாப்பில் 'உறுப்பினருக்கான கௌரவங்கள்' என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதைக் காட்டிச் செயற்குழுவில் இரண்டு பேர் எதிர்க்கிறார்கள். பொதுக்கூட்டத்தில் திருத்தப் பிரேரணையாகக் கொண்டுவரவேண்டியிருக்கும். முன்மொழிய நான் தயார். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

பதுளை_டீச்சர்

என் பெயரைப் போடுங்கள்.